நாற்பது காசும் நானூறு மீட்டரும்

பேராக் விளையாட்டு வரலாறு – பகுதி 11

1920-களின் கடைசியில் பேராக் ரப்பர்த் தோட்டங்களில் அரசாங்கம் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போன பகுதியை அந்தக் கூலிக் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். இந்தியக் குடியேற்றக் குழு உட்கார்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய், துணி என்று செலவைக் கூட்டிப் பார்த்துப் போட்ட தொகை அது. பெருமந்தம் வந்ததும் 1932-இல் அதுவும் 28 காசு, 24 காசு என்று சுருங்கிப் போனது. கூலி ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, பெண்ணின் கூலி எப்போதும் ஆணின் கூலிக்குக் கீழேதான் இருந்தது.

விளையாட்டு வரலாற்றில் கூலிக் கணக்கு எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்தப் பகுதி முழுவதும் அவருக்கான பதில்தான்.

1928 ஆகஸ்ட் மாதம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் நடந்தது. பெண்களுக்குத் திடல்தடப் போட்டிகளை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தது அந்த ஆண்டுதான். சேர்த்தவை ஐந்தே ஐந்து. அவற்றில் ஒன்று 800 மீட்டர். ஜெர்மனியின் லீனா ராட்கே முதலில் வந்தார். ஜப்பானின் ஹிதோமி கினுவே இரண்டாவது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஆசியப் பெண் அவர். ஓடி முடித்த பெண்களில் சிலர் மூச்சு வாங்கப் புல்லில் சாய்ந்தார்கள். 800 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடிய எவரும் செய்வதுதான் அது. ஆனால் மறுநாள் பத்திரிகைகள் ஏதோ பெரும் அவலம் நடந்துவிட்டதுபோல எழுதின. பெண்ணுடம்பு தாங்காது என்று அதிகாரிகள் முடிவு கட்டி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960-இல் ரோமில்தான் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் ஒலிம்பிக்கில் ஒரு பெண் ஓடக்கூடிய அதிகபட்சத் தூரம் முதலில் 100 மீட்டர், 1948-இலிருந்து 200 மீட்டர்.

அதே ஆண்டுகளில் சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் தெலுக் ஆன்சனிலும் அந்த உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது?

தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். விடியலுக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, காலைப் பேர்ப்பதிவான பெரட்டுக்கு ஓட வேண்டும். தாமதமாகப் போனால் அன்றைய பேர் விழாது. பெரட்டு முடிந்ததும் தலையில் விளக்கோடு வெட்டுக்காட்டுக்குள் இறங்கினால் முந்நூறு, நானூறு மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பட்டையில் உளியை ஒரே சீராக இழுத்து, பால் வடியும் மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். நடந்தால் வேலை முடியாது. நிரையில் அரை ஓட்டம்தான். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்காவிட்டால் பால் இறங்காது. பிறகு பால் எடுப்பு. நிறைந்த இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றி, மேடும் பள்ளமுமான மண்பாதையில் ஒரு சொட்டு சிந்தாமல் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் இதைச் செய்தார்கள். அன்றைக்கு இந்த உடம்பு தாங்குமா தாங்காதா என்று எந்தக் குழுவும் கூடிப் பேசவில்லை. தாங்கியது, அதற்கு 40 காசு கொடுத்தார்கள்.

எனவே பெண்களின் பலவீனம் என்ற பேச்சை நான் எங்கே கேட்டாலும் நம்புவதில்லை. அந்தப் பேச்சு எங்கே எழுகிறது, எங்கே எழுவதில்லை என்று பார்த்தாலே போதும். லாபம் கிடைக்கும் இடத்தில் அது எழுந்ததே இல்லை.

தோட்டத்தில் விளையாட்டு இல்லாமல் இல்லை. ஓரளவு பெரிய தோட்டம் என்றால் ஒரு திடல் இருக்கும், இரண்டு கோல் கம்பங்கள் இருக்கும். மாலையில் கிராணி, தண்டல் வீட்டுப் பையன்களும் லயத்துப் பையன்களும் காற்பந்து ஆடுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். துரை வந்து கோப்பை கொடுப்பார். பெண்பிள்ளைகள் அந்த நேரத்தில் குழாயடியில் இருப்பார்கள், அல்லது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திடலின் ஓரத்தில் நிற்பார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து நடப்பதும் சாக்கு ஓட்டமும் அவர்களுக்கு. எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆசிரியர் ஒருவர் ஆர்வமாக அமைந்துவிட்டால் நெட்பால் குழு ஒன்று முளைக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் போய்விடும்.

பள்ளிக்கூடமும் ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்து நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1912 தொழிலாளர் சட்டம் சொன்னது. நடத்தினார்கள், ஒரு கொட்டகையில் ஓர் ஆசிரியரோடு. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பட்டணத்துக்குப் போக வேண்டும். பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளில்தான் ஓட்டப்பாதை இருந்தது, விளையாட்டு ஆசிரியை இருந்தார், மாவட்டப் போட்டிக்குப் போக வண்டி இருந்தது. ஈப்போவின் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1895-இல் தொடங்கியது. கான்வென்ட் 1907. தோட்டத்துப் பெண்பிள்ளைக்கு அவை இரண்டும் எட்டாத தூரம். சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன் முயற்சியால் 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்து, அதைத் திறந்துவைக்க இந்தியாவின் விஜயலட்சுமி பண்டிட் வந்ததை ஊர் இன்றும் பேசுகிறது. ஒரு பெண் வந்து திறந்துவைத்த தமிழ்ப்பள்ளி என்பதை நம் வரலாற்றுக்காரர்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஓட்டக்காரர் எம். ராஜாமணியைப் பார்க்க வேண்டும்.

ராஜாமணி 1943-இல் தாப்பாவில் பிறந்தவர். கேமரன் மலைக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் இருக்கும் சிறு பட்டணம் அது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், ஈயச் சுரங்கங்கள். அதே ஆண்டு, அதே மாநிலத்தில், கோலாகங்சாரில் மணி ஜெகதீசன் பிறந்தார். ஆசியாவின் அதிவேக மனிதர் என்று பெயர் வாங்கி, மருத்துவமும் படித்து, பறக்கும் டாக்டர் என்று அழைக்கப்பட்டவர். ஒரே மாநிலத்தில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஒரே ஒலிம்பிக்குக்குப் போனார்கள். ஆனால் இருவர் முன்னாலும் இருந்த பாதை ஒரே அளவானது அல்ல. ஜெகதீசன் ஓடிய 200 மீட்டர், ஆண்களுக்கு 1900-ஆம் ஆண்டிலிருந்தே ஒலிம்பிக்கில் இருக்கிறது. ராஜாமணியின் ஓட்டம் 400 மீட்டர். பெண்களுக்கான 400 மீட்டரை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 1964-இல், தோக்கியோவில்தான்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ராஜாமணி பத்தாண்டு முன்னால் பிறந்திருந்தால், அவருடைய கால்கள் அதே கால்களாக, மூச்சு அதே மூச்சாக இருந்திருந்தாலும், அவர் ஓடும் வயதில் அந்தப் பந்தயமே ஒலிம்பிக்கில் இருந்திருக்காது. 1933-இல் தாப்பாவிலோ சிம்மோரிலோ பிறந்து 400 மீட்டருக்கென்றே அமைந்த உடம்போடு வளர்ந்த ஒருத்தி கட்டாயம் இருந்திருப்பாள். அவளுடைய வேகம் பால்மர நிரைகளுக்கிடையே முடிந்துபோனது.

ராஜாமணி தோக்கியோவுக்குப் போனபோது மலேசியா என்ற பெயரில் நாடு உருவாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்தது. தோக்கியோ ஓட்டப்பாதை கரித்தூள் பாதை. ஒலிம்பிக்கில் கரித்தூள் பாதை போட்டது அதுவே கடைசி முறை. அடுத்து மெக்சிகோவில் செயற்கைப் பாதை வந்துவிட்டது. கரித்தூளில் ஆணிக் காலணி ஆழமாகப் பதியும்; மழை பெய்தால் உள்வளைவு சேறாகும்; முன்னால் ஓடுபவரின் காலிலிருந்து தூள் பின்னால் வருபவரின் முழங்காலில் தெறிக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் புல்தரையில் பழகிய கால்களுக்கு அது வேறு உலகம். ராஜாமணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் 52.0 விநாடியில் தங்கம் வென்றார். அந்தத் தூரத்தில் அப்போது உலகிலேயே வேகமாக ஓடிக்கொண்டிருந்த வட கொரியாவின் சின் கிம் டானால் ஓடவே முடியவில்லை. முந்திய ஆண்டு இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ நடத்திய கானெபோ விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டதற்காக அவரைத் தடை செய்திருந்தார்கள். ஆண்களின் அரசியல் சண்டை ஒரு பெண்ணின் பந்தயத்தை விழுங்கிய கதை அது. தனியாக எழுத வேண்டும்.

தோக்கியோவில் தோற்று வந்தவரை யாரும் கைவிடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் நல்ல பகுதி. 1965 டிசம்பரில் கோலாலம்பூரில் சீப் என்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தபோது சொந்த மக்கள் முன்னால் ராஜாமணி தங்கம் வென்றார். மறு ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டர் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் முதல் தங்கம் 56.3 விநாடியில் ராஜாமணிக்கு. ஆசியாவில் இனி எத்தனை பெண்கள் அந்தப் பந்தயத்தை வென்றாலும் பட்டியலின் முதல் வரியில் தாப்பாவில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் இருக்கும். அதே போட்டியில் ஜெகதீசனுக்கு மூன்று தங்கம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை என்ற தேசிய விருதுகளை 1966-இல் முதன்முதலாகக் கொடுத்தபோது இரண்டும் பேராக்கில் பிறந்த இந்த இருவருக்கே போயின. அடுத்த ஆண்டும் வீராங்கனை விருது ராஜாமணிக்குத்தான்.

அந்தப் பொன்னான 1966-க்கு இன்னொரு முகமும் உண்டு. பெண்கள் பிரிவில் ஓடுபவர் பெண்தானா என்று சோதிக்கும் வழக்கம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையின்றி மருத்துவர்கள் முன்னால் நடக்க வைத்தார்கள். கிங்ஸ்டன் காமன்வெல்த் போட்டியில் உடம்பைத் தொட்டே பரிசோதித்தார்கள். ஆண்கள் எவரையும் அப்படி நிறுத்தியதில்லை. பிறகு அது குரோமோசோம் சோதனையாக மாறியது, 1999-இல் ஒலிம்பிக்கில் கைவிடப்பட்டது, 2025 செப்டம்பரில் உலகத் திடல்தட அமைப்பு வேறு வடிவில் மரபணுச் சோதனையாகத் திரும்பக் கொண்டுவந்தது.

இடையில் அது நம்மவர் ஒருவரை நொறுக்கியது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அந்தப் பதக்கத்தைச் சோதனையின் பெயரால் பறித்தார்கள். அவரிடம் சொல்வதற்கு முன்னால் உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள். பெண்கள் பிரிவைக் காப்பாற்றுவதற்கென்று எழுதிய விதி, காப்பாற்ற ஆளில்லாத ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. பெண்கள் பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் ராஜாமணியும் இல்லை. ஆனால் சாந்திக்கு நடந்த விதம் நியாயம் என்று என்னிடம் யாரும் வாதாட முடியாது.

இப்போது கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது.

ராஜாமணி தோக்கியோவில் ஓடியதற்கு அடுத்த மாதம், 1964 நவம்பரில், ஹவாயிலிருந்து பாட்ஸி மிங்க் என்ற பெண் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். வெள்ளையர் அல்லாத பெண் ஒருவர் அங்கே நுழைந்தது அதுவே முதல் முறை. மிங்கின் தாத்தா பாட்டிமார் ஜப்பானிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள். மவுய் தீவின் தோட்டப்புறத்தில் பிறந்து, மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, பெண் என்பதால் கல்லூரிக்குக் கல்லூரி மறுக்கப்பட்டு, சட்டம் படித்தவர் அவர். நம் பேராக் தோட்டத்து வாசகர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவரும் ஈடித் கிரீன், பர்ச் பாய் ஆகியோரும் முன்னின்று கொண்டுவந்த சட்டப் பிரிவுதான் டைட்டில் நைன், ஒன்பதாம் பிரிவு. அதிபர் நிக்சன் 1972 ஜூன் 23-இல் கையெழுத்திட்டார். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது அது. ஆங்கிலத்தில் 37 சொற்கள். அவற்றில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதி என்று ஆனதும் கல்லூரித் திடல்களில் பூகம்பம் வந்தது. அதுவரை ஆண்களின் விளையாட்டை மட்டும் நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு இந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. பெண்களுக்கான தேசியப் போட்டிகளை அது நடத்தத் தொடங்கியது 1980-களின் தொடக்கத்தில்தான்.

வாய்ப்பை எப்படிப் பங்கு போடுவது? 1979-இல் அரசு மூன்று வழிகளைச் சொன்னது. மாணவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ, விளையாட்டு வீரர்களிலும் ஏறக்குறைய அத்தனை பங்கு இருக்க வேண்டும். அல்லது பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து கூட்டிவந்த வரலாறு இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், அங்கே படிக்கும் பெண்களின் ஆர்வமும் திறமையும் முழுதாக நிறைவேறியிருக்கின்றன என்று காட்ட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று போதும்.

அரை நூற்றாண்டாக நடக்கும் சண்டை இதைச் சுற்றித்தான். எதிர்ப்பவர்களின் குறை வெறும் பொறாமை இல்லை. பெண்களின் பங்கைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பல கல்லூரிகள் ஆண்களின் மல்யுத்தக் குழுவையும் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவையும் மூடிக் கணக்கைச் சரிசெய்தன. விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த ஒரு மல்யுத்த மாணவன் ஒரு நாள் காலையில் தன் குழுவே இல்லை என்று கேட்டால் அவனுக்கு வரும் கோபம் நியாயமானதுதான். மல்யுத்தப் பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அவன் கோபப்பட வேண்டிய இடம் அந்தச் சட்டம் இல்லை. கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து ஆண்கள் குழு ஒன்றில் ஏறக்குறைய நூறு பேர் இருக்கிறார்கள். அந்தக் குழுவின் செலவில் கை வைக்க எந்த நிர்வாகியும் துணிவதில்லை. பலியானது மல்யுத்தம், பழி விழுந்தது பெண்கள் மேல்.

இன்னொரு வாதம் நமக்கு மிகவும் பழக்கமானது. 1991-இல் பிரவுன் பல்கலைக்கழகம் செலவைக் குறைக்கப் பெண்களின் ஜிம்னாஸ்டிக்ஸ், கைப்பந்துக் குழுக்களையும் ஆண்களின் கோல்ஃப், நீர்ப்பந்துக் குழுக்களையும் கைவிட்டது. ஏமி கோஹன் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் மாணவியும் தோழிகளும் வழக்குத் தொடுத்தார்கள். பெண்களுக்கு விளையாட்டில் ஆண்கள் அளவு ஆர்வம் இல்லை, அதனால்தான் எண்ணிக்கை குறைவு என்று பல்கலைக்கழகம் வாதாடியது. ஆர்வம் வானத்திலிருந்து விழுவதில்லை, வாய்ப்பும் அனுபவமும் கிடைக்கும்போதுதான் வளர்கிறது என்று சொல்லி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. 1997-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஆர்வம் இல்ல, கூப்பிட்டாலும் வர்றதில்ல" என்று பேராக்கில் எத்தனை பள்ளிக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்! ஆர்வமில்லாமல் அந்தப் பிள்ளைகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திடலோரத்தில் எதற்கு நின்றார்கள்?

சட்டம் வந்ததற்கு முன் ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்பிள்ளைகள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். ஆர்வம் இருந்ததா இல்லையா என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தச் சட்டம் நமக்கு எப்படிச் சம்பந்தம் என்பதற்கு வருகிறேன். ஈப்போவில் சாம்சன் வல்லபாய் என்ற முன்னாள் தேசிய 400 மீட்டர் ஓட்டக்காரரும் ஜோசபின் மேரி என்ற முன்னாள் தேசிய வீராங்கனையும் பெற்ற மகள் ஷெரீன். இருவரும் ஓடிய குடும்பம். ரத்தத்தில் 400 மீட்டர் இருந்தது. ஆனால் பட்டப்படிப்பையும் ஓட்டத்தையும் ஒன்றாக நடத்த ஷெரீன் போன இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா, வினோனா மாநிலப் பல்கலைக்கழகம். என்.சி.ஏ.ஏ. இரண்டாம் பிரிவில் ஓடினார். பனி கொட்டும் ஊர். குளிர்காலத்தில் கூரைக்கடியில் 200 மீட்டர் வளையத்தில் ஓட வேண்டும். நம் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு எளிதான இடம் இல்லை. ஆனால் அங்கே பயிற்சியாளர் இருந்தார், வாரா வாரம் போட்டி இருந்தது, படிப்பு இருந்தது, பெண்கள் குழு என்பது யாரோ மனமிரங்கிக் கொடுத்ததாக இல்லாமல் சட்டப்படி இருந்தது. 1993-இல் ராபியா அப்துல் சலாம் நாட்டிய 400 மீட்டர் தேசிய சாதனையை யாராலும் அசைக்க முடியாமல் இருந்தது. அதை முறியடித்தவர் ஷெரீன். கெடாவின் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரியும் அப்படித்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடி, உலகத் தரத்துக்கு உயர்ந்தார்.

கரும்புத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் எழுதிய சட்டம், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஈப்போவின் பிள்ளைக்கு ஓட்டப்பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. அந்தப் பாதைக்குப் போய்ச் சேர வழி தெரிந்த பெற்றோர் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், விமான டிக்கெட் வேண்டும். புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ அடுக்குமாடி வீட்டில் வாழும், தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பத்தின் பேத்திக்கு இந்த மூன்றும் இருக்குமா?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? சம வேலைக்குச் சம கூலி என்று அரசு ஊழியப் பெண்கள் 1960-களில் போராடி, 1969-இல் அரசாங்கத்தை இசைய வைத்தார்கள். ஆசிரியைகள் அதில் முன்னால் நின்றார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 1995-இல் ஏற்றது. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில் பால் என்ற சொல் 2001-இல்தான் சேர்ந்தது. சமயம், இனம், வம்சம், பிறப்பிடம் எல்லாம் 1957-இலிருந்தே இருந்தன. விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997-இல் வந்தது. சங்கங்களைப் பதிவது, சச்சரவைத் தீர்ப்பது எல்லாம் அதில் உண்டு. திடலும் பணமும் பயிற்சியாளரும் பெண்களுக்கு இவ்வளவு என்று கேட்க அதில் பிடி இல்லை. 2011-இல் ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்ற கொள்கை வந்தது. நல்ல கொள்கை. ஆனால் நாட்டிலேயே அதிகமாக நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள பேராக்கில், தோட்டத்து ஓரத்தில் இருபது முப்பது பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகளில், எந்தத் திடலில் எந்த விளையாட்டு?

ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் தொடங்கிய அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டி ஈப்போவுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் எல்லாம் வந்து ஆடின. எங்கள் ஊருக்கு அது பெருமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. அது ஆண்களுக்கான போட்டி. அதற்கு இணையாகப் பெண்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பன்னாட்டுக் கிண்ணம் ஈப்போவில் எழவில்லை. அதே 1983-இல் கோலாலம்பூரில் பெண்கள் உலகக் கிண்ண ஹாக்கி நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடலாம். மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களில் இன்று பெண்களே பெரும்பான்மை. ஏறக்குறைய அறுபது விழுக்காடு. அமெரிக்காவின் முதல் வழியை, மாணவர் விகிதப்படி பங்கு என்பதை, இங்கே அப்படியே பொருத்தினால் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளுக்குப் போகும் பேருந்தில் பத்தில் ஆறு இருக்கை பெண்களுக்கு. அப்படி நடக்கிறதா? இந்தக் கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பதில் சொல்லக் கடமைப்படவில்லை. அமெரிக்காவில் 1994-இல் ஒரு சட்டம் வந்தது: ஒவ்வொரு கல்லூரியும் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எந்தக் குழுவுக்கு எவ்வளவு செலவு, பயிற்சியாளருக்கு எவ்வளவு சம்பளம் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வழக்குப் போட்ட மாணவிகளின் கையில் இருந்த ஆயுதம் இதுபோன்ற எண்கள்தான்.

தோட்டத்துக் கூலியிலும் அப்படித்தான் நடந்தது. 50 காசு, 40 காசு என்று அரசாங்கமே அச்சடித்து வெளியிட்டதால்தான் இன்று நாம் அதைப் பிடித்துக்கொண்டு பேச முடிகிறது. விளையாட்டிலும் அப்படி எண்கள் வெளிவர வேண்டும். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் விளையாட்டு ஆசிரியர்களையே உருவாக்குகிறது. ஸ்ரீ இஸ்கந்தாரிலும் கம்பாரிலும் பல்கலைக்கழகங்கள், ஈப்போவில் உங்கு ஓமார் தொழில்நுட்பக் கல்லூரி, உலு கிந்தாவில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் என்று ஒரே மாநிலத்தில் இத்தனை உயர்கல்வி நிலையங்கள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு பக்கத்தில், விளையாட்டுக்குச் செலவழித்த பணத்தை ஆண், பெண் என்று இரண்டு வரிசையாகப் பிரித்து வெளியிட்டால் போதும். புதுச் சட்டம்கூட அதற்குத் தேவையில்லை. துணைவேந்தரோ இயக்குநரோ கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மாநிலச் சட்டமன்றத்தில் உட்காரும் நம் பிரதிநிதிகள் எழுத்துமூலமாக ஒரு கேள்வி கேட்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் தங்கள் இடைநிலைப் பள்ளியில் இந்தக் கணக்கை இந்தப் பருவத்திலேயே கேட்கலாம்.

அடுத்த பகுதியில் 1983 உலகக் கிண்ணத்துக்குப் போவோம். மட்டை பிடித்த நம் பெண்களைப் பற்றி.